மெகாபிட்டிலிருந்து டி1, ஈ1, ஓசி-3, எஸ்டிஎம்-1: தரவு வேகத்தைத் தொலைத்தொடர்புத் தரங்களாக மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் கிலோபிட், மெகாபிட், கிகாபிட் என்று வரும் இடமெல்லாம் 'வினாடிக்கு' என்று சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் அதை எழுதினால் படிப்பவருக்கும் அலுப்பு, எழுதுபவருக்கும் அலுப்பு.

டி1, ஈ1, ஓசி-3 எல்லாம் வேகத்தை அளக்கும் அலகுகள்தானே?

இல்லை. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. இணையத்தில் கிடைக்கும் அலகு மாற்றிக் கருவிகள் கிலோபிட், மெகாபிட், மெகாபைட் என்ற பட்டியலுக்குக் கீழேயே டி1, டி3, ஓசி-12 என்று அடுக்கிவிடுகின்றன. பார்ப்பவருக்கு அடி, மீட்டர் போல இவையும் அலகுகள் என்றே தோன்றும். ஆனால் டி1 என்பது ஒரு தரநிலையின் பெயர். டி அமெரிக்கத் தொலைபேசி வரிசை, ஈ ஐரோப்பிய வரிசை; ஓசி, எஸ்டிஎம் இரண்டும் பின்னால் வந்த ஒளியிழைத் தரங்கள். ஃப்ரேமில் (ஒரு தடவை சேர்த்து அனுப்பும் பிட் கட்டில்) எத்தனை பிட், அவை எந்த வரிசையில் வரும், கம்பியில் மின்துடிப்பு எப்படி இருக்கும், கடிகாரம் எவ்வளவு பிசகலாம் என்பதெல்லாம் அதில் அடக்கம். வேகம் அதில் ஒரு அம்சம் மட்டுமே.

1 கிகாபிட்டை டி1 ஆக மாற்றச் சொன்னால் கருவி 647.668 என்று காட்டும். வகுத்தல் சரிதான். ஆனால் 0.668 டி1 என்று எதுவும் கிடையாது. 647 டி1 இணைப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் அதில் 1 கிகாபிட் தரவு போகுமா என்றால், அதுவும் போகாது. வகுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கையில் இருக்கும் எண் கம்பியில் ஓடும் மொத்த வேகமா, அல்லது நம் தரவுக்கு மிஞ்சும் வேகமா? கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் கேள்வியின் வேறு வேறு வடிவங்கள்.

எங்கே பார்த்தாலும் 64 கிலோபிட் வருகிறதே, ஏன்?

தொலைபேசிக் குரலால். தொலைபேசியில் குரலுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் இடம். காப்பு இடைவெளியோடு சேர்த்து 4000 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், மாதிரி எடுப்பதற்கான விதிப்படி அதைப்போல இரு மடங்கு, அதாவது வினாடிக்கு 8000 மாதிரிகள் எடுக்க வேண்டும். மாதிரி ஒன்றுக்கு 8 பிட். 8000 × 8 = 64,000. இந்த ஒற்றைக் குரல் சேனலுக்கு டிஎஸ்0 என்று பெயர். பன்னாட்டுத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியூ-டியின் ஜி.711 பரிந்துரை சொல்லும் குரல் குறியாக்கமும் இதே 64 கிலோபிட்தான்.

பிறகு வந்த கணினித் தரவுக்கு 8000 என்ற எண்ணோடு எந்த உறவும் இல்லை. ஆனாலும் டி1-லிருந்து 40 கிகாபிட் எஸ்டிஎம்-256 வரைக்கும் குரல் போட்டுக் கொடுத்த அந்தத் தாளம் விடவில்லை. ஒரு ஃப்ரேமுக்கு 125 மைக்ரோவினாடி, வினாடிக்கு 8000 ஃப்ரேம். இடையில் டி3, ஈ3 போன்ற சில அடுக்குகளில் மட்டும் ஃப்ரேம் வேறு தாளத்தில் ஓடும். அந்தக் கதை கீழே வருகிறது.

டி1-க்கு 1.544 என்றும் ஈ1-க்கு 2.048 என்றும் எப்படி வந்தது?

டி1-ல் 24 குரல் சேனல்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 8 பிட் எடுத்தால் 192. ஃப்ரேம் எங்கே தொடங்குகிறது என்று எதிர்முனை கண்டுகொள்ள ஒரு பிட் கூடுதல். ஆக 193 பிட். அதை 8000-ஆல் பெருக்கினால் 15,44,000. அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1962-ல் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. வட அமெரிக்கா இதை வைத்துக்கொண்டது; ஜப்பானிலும் முதல் அடுக்கு இதே வேகம்தான்.

ஈ1 ஐரோப்பாவின் வழி. 32 நேரத் துண்டுகள், ஒவ்வொன்றும் 8 பிட், ஆக 256 பிட். அதில் 0-ஆவது துண்டு ஃப்ரேம் ஒத்திசைவுக்கு. 16-ஆவது துண்டு அழைப்புச் சைகைகளுக்கு. மீதி 30 குரலுக்கு. தரவு மட்டும் அனுப்பும்போது 16-ஆவதையும் எடுத்துக்கொள்ளலாம், அப்போது 31 × 64 = 1984 கிலோபிட் கிடைக்கும். ஃப்ரேமே வேண்டாம் என்று மொத்தத்தையும் ஒரே ஓடையாகப் பயன்படுத்தினால் முழு 2048. ஆகவே 'ஒரு ஈ1 எவ்வளவு?' என்றால் 2048, 1984, 1920 என்று மூன்று பதில். மூன்றும் சரி. எந்த முறையில் அமைத்திருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

பைட் கணக்கில் சட்டென்று மாற்றக் குறுக்குவழி உண்டா?

உண்டு, அழகான ஒன்று. வினாடிக்கு 8000 ஃப்ரேம், பைட்டுக்கு 8 பிட். 8000-ஐ 8-ஆல் வகுத்தால் 1000. எனவே ஒரு ஃப்ரேமில் எத்தனை பிட்டோ, வினாடிக்கு அத்தனை கிலோபைட். டி1 ஃப்ரேமில் 193 பிட், வேகம் 193 கிலோபைட். ஈ1-ல் 256 பிட், 256 கிலோபைட். எஸ்டிஎம்-1 ஃப்ரேமில் 19,440 பிட், ஆக 19.44 மெகாபைட்.

இன்னொன்று: ஃப்ரேமில் ஒவ்வொரு பைட் இடமும் 64 கிலோபிட்டுக்குச் சமம். இந்த இரண்டையும் மனதில் வைத்தால் ஃப்ரேம் அமைப்புகளைச் சொல்லும் ஜி.704, ஜி.707 பரிந்துரைகளின் அட்டவணைகளில் பாதியைத் தாளில்லாமலே போட்டுவிடலாம்.

மாற்றிக் கருவியில் டி1 (சிக்னல்), டி1 (பேலோட்), டி1இசட் (பேலோட்) என்று மூன்று வரி இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

சிக்னல் என்றால் கம்பியில் ஓடும் மொத்தம்: 1.544 மெகாபிட். பேலோட் என்றால் பயனருக்குக் கிடைப்பது. அதில் ஏன் இரண்டு வகை என்பதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

பழைய டி1-ல் சைகைக்கென்று தனி இடம் கிடையாது. அழைப்பு வந்ததா, ரிசீவரை எடுத்தார்களா என்ற செய்தியை அனுப்ப, ஒவ்வொரு 6-ஆவது ஃப்ரேமிலும் ஒவ்வொரு சேனலின் கடைசி பிட்டைப் பறித்துக்கொண்டார்கள். குரலில் இந்தக் குறை காதுக்குத் தெரியாது. ஆனால் தரவில் ஒரு பிட் மாறினாலும் கோப்பு கெட்டுவிடும். பறிபோகும் ஃப்ரேம் எது என்று வழியில் இருக்கும் கருவிகளுக்கிடையே உறுதியில்லாததால், 8-ஆவது பிட்டை எந்த ஃப்ரேமிலும் நம்பாமல் 7 பிட்டை மட்டும் பயன்படுத்துவது வழக்கமாயிற்று. 7 × 8000 = 56 கிலோபிட். போதாக்குறைக்கு, பழைய ஏஎம்ஐ குறியாக்கத்தில் (1 என்றால் துடிப்பு, 0 என்றால் வெறுமை) பூஜ்யங்கள் நீளமாகத் தொடர்ந்து வந்தால், வழியில் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் ரிப்பீட்டர்கள் கடிகாரத்தைத் தவறவிட்டுவிடும். அதற்காகவும் 8-ஆவது பிட்டை 1 ஆகவே வைத்திருந்தார்கள்.

பின்னால் பி8இசட்எஸ் வந்தது. தொடர்ந்து எட்டு பூஜ்யம் வந்தால் அந்த இடத்தில் வேண்டுமென்றே விதி மீறிய ஒரு துடிப்பு வரிசையை வைக்கும் முறை இது. எதிர்முனை அந்த மீறலைப் பார்த்து 'ஓ, இது எட்டு பூஜ்யம்' என்று திருப்பிப் போட்டுக்கொள்ளும். அதோடு சைகையையும் தனிச் சேனலுக்கு மாற்றியபின் முழு 64 கிலோபிட் கைக்கு வந்தது. பட்டியலில் வரும் 'இசட்' இந்த பி8இசட்எஸ்-ஐத்தான் குறிக்கிறது.

எனவே:

டி0 (அதாவது டிஎஸ்0) பேலோட் 56 கிலோபிட்; பி8இசட்எஸ் இருந்தால் 64.
டி1 பேலோட் 24 × 56 = 1.344 மெகாபிட்; பி8இசட்எஸ் இருந்தால் 24 × 64 = 1.536.
டி3 பேலோட் 672 × 56 = 37.632 மெகாபிட்; பி8இசட்எஸ் இருந்தால் 672 × 64 = 43.008.

சில கருவிகள் டி1இசட் பேலோட் என்று 1.544-ஐயே போடுகின்றன. ஃப்ரேம் பிட் பயனருக்குப் போகாது என்பதால் தரவுக் கணக்குக்கு 1.536-ஐ எடுத்துக்கொள்வதே சரி. இன்றைய தரவு இணைப்பு என்றால் பெரும்பாலும் இசட் வரிசைதான். 1.344 வரலாற்றுக்கு.

அதே பட்டியலில் எச்0, எச்11, எச்12 என்று இருப்பவை?

ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசிச் சேவையின் காலத்துப் பெயர்கள். எச்0 என்றால் 6 சேனல், 384 கிலோபிட். எச்11 என்றால் 24 சேனல், 1536. எச்12 என்றால் 30 சேனல், 1920. காணொளிக் கூட்டங்களுக்கு எச்0 ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது. இன்று யாராவது கேட்டால் 64-ஆல் பெருக்கிச் சொன்னால் போதும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தர முடியுமா?

மொத்த வேகம் மட்டும், மெகாபிட்டில்:

டி1 / டிஎஸ்1: 1.544 (24 குரல் சேனல்)
டி2 / டிஎஸ்2: 6.312 (96)
டி3 / டிஎஸ்3: 44.736 (672)
ஈ1: 2.048 (30)
ஈ2: 8.448 (120)
ஈ3: 34.368 (480)
ஈ4: 139.264 (1920)
ஓசி-1 / எஸ்டிஎம்-0: 51.84
ஓசி-3 / எஸ்டிஎம்-1: 155.52
ஓசி-12 / எஸ்டிஎம்-4: 622.08
ஓசி-48 / எஸ்டிஎம்-16: 2488.32
ஓசி-192 / எஸ்டிஎம்-64: 9953.28
ஓசி-768 / எஸ்டிஎம்-256: 39,813.12

ஜப்பானின் மூன்றாம் அடுக்கு தனி: 32.064. நான்காவது 97.728.

ஓசி எண்ணை 3-ஆல் வகுத்தால் எஸ்டிஎம் எண். ஓசி ஒளியிழையில் ஓடும் வடிவம், எஸ்டிஎஸ் அதே ஃப்ரேமின் மின் வடிவம். வேகத்தில் வித்தியாசம் இல்லை. டிஎஸ், டி இரண்டுக்கும் நடைமுறையில் யாரும் வேறுபாடு பார்ப்பதில்லை.

நாலு ஈ1 சேர்ந்தால் 8.192தானே வர வேண்டும்? ஈ2 ஏன் 8.448?

இதற்குக் காரணம் கடிகாரம். நாலு ஈ1-ம் நாலு இடத்திலிருந்து வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கடிகாரம். ஈ1-க்கு அனுமதிக்கப்பட்ட பிசகு 10 லட்சத்துக்கு 50, அதாவது வினாடிக்கு சுமார் 102 பிட் கூடவோ குறையவோ வரலாம். நாலையும் ஒரே ஓடையில் கோர்க்கும் கருவி, வருவதிலேயே வேகமான ஓடைக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். மெதுவாக வரும் ஓடைக்கு ஒதுக்கிய இடத்தில் வெற்று பிட்டைத் திணித்து நிரப்பும்; 'இங்கே திணித்திருக்கிறேன்' என்று எதிர்முனைக்குச் சொல்லவும் சில பிட் வேண்டும். அதோடு புதிய ஓடைக்கான ஃப்ரேம் அடையாளம் வேறு. இவை எல்லாம் சேர்ந்துதான் அந்த 256 கிலோபிட் கூடுதல்.

ஒவ்வொரு படியிலும் இதே கதை. 4 × 8.448 = 33.792, ஆனால் ஈ3 34.368. 4 × 34.368 = 137.472, ஆனால் ஈ4 139.264. அமெரிக்கப் பக்கமும் அப்படியே: 4 × 1.544 = 6.176, டி2 6.312, 7 × 6.312 = 44.184, டி3 44.736. ஒரு டி3-ல் 28 டி1 போகும், 28 × 1.544 = 43.232. மீதி ஒன்றரை மெகாபிட் இந்தப் பிசகைச் சமாளிப்பதற்கும் ஃப்ரேம் அடையாளம் போன்றவற்றுக்கும் ஆகும் செலவு.

மாற்றிக் கருவி 44.736-ஐ 1.544-ஆல் வகுத்து 28.97 என்று காட்டும்போது '29-க்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டதே, இன்னொன்றைத் திணிக்கலாமா' என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. 28தான்.

51.84, 155.52 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன?

திரும்பவும் 8000-தான். ஓசி வரிசையை வரையறுக்கும் அமெரிக்கத் தரமான சோனெட்டின் அடிப்படை ஃப்ரேம் 9 வரிசை, 90 நெடுவரிசை கொண்ட பைட் கட்டம். 810 பைட், ஒவ்வொன்றும் 64 கிலோபிட், ஆக 51,840 கிலோபிட். எஸ்டிஎம் வரிசையை வரையறுக்கும் பன்னாட்டுத் தரமான எஸ்டிஎச்-சின் அடிப்படை அதைப்போல மூன்று மடங்கு அகலம்: 9 × 270 = 2430 பைட், 155,520 கிலோபிட்.

மூன்று மடங்கு ஏன் என்றால், அமெரிக்காவின் டி3-ம் ஐரோப்பாவின் ஈ4-ம் இரண்டும் உள்ளே உட்கார வேண்டும். 51.84-ல் 44.736 உட்காரும். 139.264-க்கு 155.52 தேவை. 1988-ல் எஸ்டிஎச் பரிந்துரைகள் ஏற்கப்பட்டபோது இரு பக்கமும் சந்திக்கும் புள்ளியாக 155.52 அமைந்தது. ஓசி-3-ம் எஸ்டிஎம்-1-ம் ஒரே வேகமாக இருப்பதற்குக் காரணம் அந்த உடன்பாடுதான்.

155.52-ஐ 2.048-ஆல் வகுத்தால் 75 வருகிறது. ஆனால் ஒரு எஸ்டிஎம்-1-ல் 63 ஈ1 மட்டும்தான் என்கிறார்கள். 12 ஈ1 எங்கே போயிற்று?

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இது. வகுத்தல் கணக்கு எங்கே கைவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடையாது.

270 நெடுவரிசையில் முதல் 9 மேலாண்மைக்கும் சுட்டிகளுக்கும் போய்விடும். மீதி 261. அதில் ஒன்று பாதைக் கண்காணிப்புக்கு, இரண்டு வெறும் நிரப்பல். மிஞ்சும் 258-ஐ 86 நெடுவரிசை கொண்ட மூன்று கட்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு நெடுவரிசை கழிந்து 84. அந்த 84-ல் 12 நெடுவரிசை கொண்ட 7 தொகுதி. ஒவ்வொரு தொகுதியிலும் 4 நெடுவரிசை கொண்ட 3 பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு ஈ1. ஆக 3 × 7 × 3 = 63.

பெட்டியையே எடுத்துப் பாருங்கள்: 4 × 9 = 36 பைட், அதாவது 2.304 மெகாபிட். 2.048-க்கு இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு? ஈ1-ன் கடிகாரம் பிசகினால் நகர்ந்துகொள்ள இடம், அது எங்கே தொடங்குகிறது என்று காட்டும் சுட்டி, வழியில் பிழை நேர்ந்ததா என்று பார்க்கும் பைட் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதே எஸ்டிஎம்-1-க்குள் ஒரு ஈ4-ஐ அப்படியே வைத்தால் அந்த ஈ4-க்குள் 64 ஈ1 இருக்கும். புதிய முறையில் 63, பழைய முறையில் 64! ஒரு ஈ1-ஐ இழந்து வாங்கியது என்ன என்றால், வழியில் எந்த ஊரிலும் மொத்தத்தையும் பிரித்துப் போடாமல் வேண்டிய ஒரு ஈ1-ஐ மட்டும் எடுக்கவும் வைக்கவும் முடிகிற வசதி. பழைய முறையில் ஒரே ஒரு ஈ1-க்காக ஈ4, ஈ3, ஈ2 என்று படிப்படியாகக் கழற்றி, திரும்பக் கோர்க்க வேண்டும். நல்ல பேரம் என்றே சொல்வேன்.

ஈ3-க்கும் இதே நிலை. வகுத்தால் 4.5 வரும், நேரடியாக ஏற்றினால் 3 மட்டும். டி1 என்றால் ஒரு எஸ்டிஎஸ்-1-க்கு 28, ஆக ஓசி-3-ல் 84.

ஓசி-3 என்றால் எனக்கு 155 மெகாபிட் கிடைக்குமா?

கிடைக்காது. ஒற்றைக் குழாயாக வந்தால், அதாவது ஓசி-3சி என்றால், 260 × 9 = 2340 பைட், 149.76 மெகாபிட் உங்களுடையது. மூன்று தனி எஸ்டிஎஸ்-1 ஆக வந்தால் ஒவ்வொன்றிலும் 86 நெடுவரிசை, 49.536, மொத்தம் 148.608. கூட்டுத்தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஒரே ஓட்டம் எதுவும் 50 மெகாபிட்டைத் தாண்ட முடியாது. இரண்டு நெடுவரிசை நிரப்பலாகக் கழிந்தால் 48.384 தான். கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'சி' என்ற எழுத்தை ஒப்பந்தத்தில் கவனித்துப் பாருங்கள்.

அதன் மேல் ஏடிஎம் (தரவை 53 பைட் துண்டுகளாக அனுப்பும் முறை) ஓடினால் ஒவ்வொரு துண்டிலும் 5 பைட் தலைப்புக்குப் போகும். 149.76 × 48 ÷ 53 = 135.63. அதற்கும் மேல் ஐபி, டிசிபி தலைப்புகள்.

100 மெகாபிட் ஈதர்நெட்டைக் கொண்டுபோக எத்தனை ஈ1 வேண்டும்?

கருவி 48.83 என்று சொல்லும். ஃப்ரேம் அமைத்த ஈ1-ல் 1.984 மெகாபிட்தான் தரவுக்கு என்பதால் 50.4, ஆக 51 வேண்டும். பல ஈ1-களைக் கட்டிச் சேர்க்கும் நெறிமுறையின் செலவைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

ஆனால் எஸ்டிஎச் வலையில் இதைச் செய்பவர்கள் ஈ1-ஐ எண்ணுவதில்லை, ஈ1-க்கான பெட்டியை எண்ணுகிறார்கள். விசி-12 என்ற அந்தப் பெட்டியில் தரவுக்கு 34 பைட், 2.176 மெகாபிட். 46 பெட்டிகளைக் கோர்த்தால் 100.096. கச்சிதம்! விசி-12-46வி என்று கருவிகளின் அமைப்புப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள், அது இந்தக் கணக்கு. ஈ1-ன் ஃப்ரேமை உள்ளே வைக்காததால் அதற்கான செலவு மிச்சம்.

ஈதர்நெட்டின் முன்னொட்டும் இடைவெளியும் ஃப்ரேமுக்கு 20 பைட். ஈதர்நெட்டை எஸ்டிஎச் பெட்டிக்குள் வைக்கும் ஜிஎஃப்பி முறை, உறையிடும்போது அவற்றைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய 8 பைட் தலைப்பை மட்டும் போடுகிறது. அதனால்தான் 0.096 மிச்சமே போதுமானதாக இருக்கிறது.

1 கிகாபிட்டுக்கு 7 விசி-4 (ஒரு எஸ்டிஎம்-1-ஐ முழுதாக நிரப்பும் பெரிய பெட்டி): 7 × 149.76 = 1048.32. இந்தக் கோர்க்கும் முறை வருவதற்கு முன் கிகாபிட் ஈதர்நெட்டுக்கு முழு எஸ்டிஎம்-16 ஒதுக்க வேண்டியிருந்தது. 2396.16-ல் 1000, அதாவது 42 விழுக்காடு கூடப் பயன்படவில்லை.

10 கிகாபிட் ஈதர்நெட்டும் ஓசி-192-ம் ஒன்றுதானே?

பேச்சுவழக்கில் இரண்டையும் '10 ஜி' என்பார்கள். ஆனால் ஓசி-192-ன் மொத்த வேகமே 9.95328 கிகாபிட், உள்ளே கிடைப்பது 9.58464. வழக்கமான 10 கிகாபிட் ஈதர்நெட்டோ 64பி/66பி குறியாக்கத்தால் (64 பிட்டை 66 பிட்டாக அனுப்பும் முறை) கம்பியில் 10.3125 கிகாபிட்டில் ஓடுகிறது. ஒன்று மற்றொன்றுக்குள் நுழையாது.

இதற்காகவே 10 கிகாபிட் ஈதர்நெட்டில் வான் ஃபை என்று ஒரு வகை செய்தார்கள்; வழக்கமான வகைக்கு லான் ஃபை என்று பெயர். அது ஓசி-192 ஃப்ரேமுக்குள் உட்காரும், ஆனால் ஈதர்நெட்டுக்குக் கிடைப்பது 9.58464 × 64 ÷ 66, சுமார் 9.294 கிகாபிட். இரு முனையிலும் ஒரே வகை இருக்க வேண்டும். லான் ஃபையை வான் ஃபையோடு இணைத்தால் லிங்க் எழாது. '10 ஜிக்கு 10 ஜிதானே' என்று ஆர்டர் போட்டுவிட்டு நாள் முழுக்க ஒளி அளவை அளந்துகொண்டிருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

ஓடியூ2-வும் 10 ஜி என்கிறார்களே?

ஓடியூ2 ஓடிஎன் என்ற ஒளியிழை வலைத் தரத்தின் ஓர் அடுக்கு. ஓடிஎன் வேறு குடும்பம். எஸ்டிஎம்-16-ஐ 255/238 ஆல் பெருக்கினால் ஓடியூ1: 2.666 கிகாபிட். எஸ்டிஎம்-64-ஐ 255/237 ஆல் பெருக்கினால் ஓடியூ2: 10.709. கூடுதல் முழுக்கப் பிழை திருத்தத்துக்கும் உறைக்கும். 10.3125 ஈதர்நெட்டை அப்படியே ஏற்ற அதே விகிதத்தில் ஓடியூ2இ, 11.096.

மேலே சொன்ன 8000 குறுக்குவழி இங்கே செல்லாது. ஓடிஎன்-ல் ஃப்ரேமின் அளவு மாறாது, 16,320 பைட். வேகம் கூடக் கூட ஃப்ரேமின் நேரம்தான் சுருங்கும். ஓடியூ1-ல் 48.971 மைக்ரோவினாடி, ஓடியூ2-ல் 12.191. குரலின் தாளத்தை ஒருவழியாக விட்டது இந்த அடுக்குதான்.

கிலோ என்றால் 1000-மா, 1024-மா?

தொலைத்தொடர்பில் எப்போதும் 1000. விவாதமே இல்லை. நினைவகத்தையும் சில மென்பொருள்களின் கோப்பு அளவையும் பேசும்போதுதான் 1024 வருகிறது. டி1-ன் 193 கிலோபைட்டை 1024 கணக்கில் காட்டும் மென்பொருள் 188.5 என்று காட்டும். ஈ1-ன் 256,000 பைட் சரியாக 250 ஆகும். எஸ்டிஎம்-1-ன் 19.44 மெகாபைட் 18.54 ஆகத் தெரியும். வேகம் குறைந்துவிட்டது என்று புகார் எழுதும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கோப்பை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது?

700 மெகாபைட் கோப்பு என்று வைப்போம். 8-ஆல் பெருக்கினால் 5600 மெகாபிட். டி1-ன் பேலோட் 1.536-ஆல் வகுத்தால் 3646 வினாடி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பழைய 56 கிலோபிட் சேனல்களாக இருந்தால் 1.344-ஆல் வகுக்க, 69 நிமிடம். ஈ1-ல் 1.984-ஆல் வகுத்தால் 47 நிமிடம்.

இவை இணைப்பு அடுக்கின் கணக்கு மட்டும். எச்டிஎல்சி என்ற இணைப்பு நெறிமுறையின் உறையில் தொடர்ந்து ஐந்து 1 வந்தால் ஒரு 0 செருகுவார்கள். தரவு முழுக்க 1 ஆக இருந்தால் 20 விழுக்காடு கூடிவிடும். சாதாரணத் தரவில் அது பெரிதாகத் தெரியாது. மேலே ஐபி, டிசிபி தலைப்புகள் பாக்கெட்டுக்கு 40 பைட். நடைமுறையில் மேற்கண்ட நேரத்தோடு ஐந்து விழுக்காடு சேர்த்துச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஏமாற்றம் வராது.

திருப்பிக் கேட்கிறேன்: ஒரு ஈ1-ஐ ஈதர்நெட் வழியாக அனுப்ப எத்தனை மெகாபிட் ஒதுக்க வேண்டும்?

இப்போதெல்லாம் இந்தத் திசையில்தான் கேள்வி அதிகம் வருகிறது. அடியில் எஸ்டிஎச் போய் பாக்கெட் வலை வந்துவிட்டது, ஆனால் மேலே ஈ1 கேட்கும் பழைய கருவிகள் இன்னும் இருக்கின்றன. 2.048 என்று ஒதுக்கினால் இணைப்பு விழும்.

ஈ1-ஐ அப்படியே பாக்கெட்டுகளாக வெட்டி அனுப்பும் சாட்டாப் முறையில் ஈ1-ன் வழக்கமான அளவு பாக்கெட்டுக்கு 256 பைட். மேலே சொன்ன குறுக்குவழிப்படி ஈ1 வினாடிக்கு 256 கிலோபைட், ஆக வினாடிக்கு 1000 பாக்கெட். ஒவ்வொன்றிலும் கட்டுப்பாட்டுச் சொல் 4 பைட், பாக்கெட்டுக்கு வழி காட்டும் எம்பிஎல்எஸ் லேபிள் இரண்டு 8 பைட், முன்னொட்டும் இடைவெளியும் சேர்ந்த ஈதர்நெட் செலவு 38 பைட். மொத்தம் 306 பைட். அதை 8-ஆலும் 1000-ஆலும் பெருக்கினால் 2.448 மெகாபிட். விலான் குறி இருந்தால் பாக்கெட்டுக்கு இன்னும் 4 பைட், அதாவது 32 கிலோபிட் கூடும்.

தாமதத்தைக் குறைக்கிறேன் என்று பாக்கெட்டை 64 பைட்டாக்கினால் வினாடிக்கு 4000 பாக்கெட், ஒவ்வொன்றும் 114 பைட்: 3.648 மெகாபிட். ஈ1 அதே 2.048தான், அதற்கு மேல் ஆகும் செலவு மட்டும் அதில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டது. 2.5 மெகாபிட்டும் 256 பைட் பாக்கெட்டும் வைத்துத் தொடங்குங்கள். எதிர்முனைக் கருவி தாமதத்தைத் தாங்கவில்லை என்றால் மட்டும் பாக்கெட்டைச் சிறிதாக்கி, ஒதுக்கீட்டையும் அதே கையோடு உயர்த்துங்கள்.